பூக்கார அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை

தேரடித்தெரு எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பெண்கள் பதினாறு பேரைத் திருவொற்றியூர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சாமி கும்பிட இல்லை, அதற்கு வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்களே போகிறவர்கள். கல்வெட்டு காட்டத்தான். மூன்று வாரம் உட்கார்ந்து நோட்டுப் போட்டிருந்தேன். முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருவறையைக் கல்லால் எடுத்தது, சதுரானன பண்டிதர் சொல்லி அதைச் செய்தது, கட்டிய தச்சன் பெயர் இரவி, பட்டம் வீரசோழத் தச்சன், இப்படி வரிசையாக. பத்தாவது நிமிடத்தில் முதல் கொட்டாவி வந்தது. இருபதாவது நிமிடத்தில் பாதிப் பேர் தூணடியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் பிரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் எங்களோடு வந்திருந்த பூக்கார அக்கா கேட்டார்: "ஏம்மா, அந்தக் காலத்துப் பொம்பளைங்க தூரமானா இன்னா பண்ணாங்க? இந்தக் கல்லுல எதுனா எழுதிக்கீதா?"

அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் கேள்விகள் கொட்டின. பிரசவம் யார் பார்த்தது? பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுத்தார்கள்? புருஷன் வேறு வீட்டுக்குப் போனால் இவள் என்ன செய்வாள்? மாமியார் இருந்தாளா? நான் வீரசோழத் தச்சனைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தபடி நின்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே யோசனை. இவர்கள் கேட்டதுதான் சரியான கேள்வி, நான் கொண்டுபோனதுதான் தப்பான நோட்டு. அடுத்த முறை எப்படிச் சொல்லலாம்? கற்பனையாக அடித்து விடவும் மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

கல்லெழுத்து எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. முப்பது வருடம் மைப்படியோடு (கல்வெட்டின் மேல் தாள் ஒட்டி மையால் எடுக்கும் படி) மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கல்லில் தூரம், தீட்டு, பிரசவம் எல்லாம் தேடினால் கிடைக்காது. கல்வெட்டு என்பது பத்திரப் பதிவு. யார், யாருக்கு, எதை, எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் அதன் பேச்சு. ஆனால் அதற்குள்ளேயே பெண்கள் நிற்கிறார்கள். நீங்கள் நின்ற அதே கோயிலிலிருந்து மூன்று செய்தி.

11ஆம் நூற்றாண்டு. சதுரன் சதுரி என்றொரு பெண். கல் அவளைத் தேவரடியாள் என்கிறது. அதே மூச்சில் நாகன் பெருங்காடன் என்பவரின் அகமுடையாள் என்றும் சொல்கிறது. அகமுடையாள் என்றால் வீட்டுக்காரி, மனைவி. (ஆம்படையாள் என்று இன்றும் சில வீடுகளில் சொல்கிறார்களே, அந்தச் சொல்தான்.) தேவரடியாள் என்றதும் நம் ஆட்கள் மனதில் ஓடும் படம் 19, 20ஆம் நூற்றாண்டுச் சண்டைகளிலிருந்து வந்தது. சதுரிக்குக் குடும்பம் இருந்தது, கோயிலில் ஓர் இடமும் இருந்தது. இரண்டையும் கல்லில் வெட்ட யாருக்கும் கூச்சம் இல்லை.

13ஆம் நூற்றாண்டு, மூன்றாம் இராசராசன் காலம். ஒருவர் ஐந்து பெண்களை, அவர்கள் வழியில் பிறக்கப் போகிறவர்களையும் சேர்த்து, இந்தக் கோயிலுக்குக் கொடுக்கிறார். எதற்கு? நெல் குற்ற. ஆட்டைக் கொடுப்பது போல, நிலத்தைக் கொடுப்பது போல. இன்னும் பிறக்காத பேத்தியும் அந்தக் கணக்கில் இருக்கிறாள்.

14ஆம் நூற்றாண்டு. இதே கோயிலில் பதியிலார், இஷபத்தளியிலார், தேவரடியார் என்று மூன்று பிரிவுப் பெண்களுக்குள் எந்த வேலை யாருக்கு என்று தகராறு. சம்புவராயர் ஆட்சியில் ஒருமுறை அதிகாரிகள் உட்கார்ந்து தீர்த்து வைத்தார்கள், பிறகு விஜயநகர இளவரசர் கம்பண உடையார் காலத்தில் மறுபடி கிளம்பியது. முறை வைத்து வேலை பார்க்கும் எந்த இடத்திலும் நடக்கிற சண்டைதான். உங்கள் பதினாறு பேரில் யாராவது ஏற்றுமதித் துணிக் கம்பெனியிலோ ஆஸ்பத்திரியிலோ ஷிஃப்ட் பார்த்திருந்தால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

அரசன் பெயரில் தொடங்காமல் இந்த மூன்றில் ஒன்றில் தொடங்கிப் பாருங்கள்.

சன்னதித்தெரு_பெரியவர் எழுதியது:

பொறுத்துக்கொள்ளவும். எனக்கு எழுபத்திரண்டு வயது. வடிவுடையம்மன் சன்னதியில் நின்றுகொண்டு தூரம், தீட்டு, புருஷன் வேறு வீட்டுக்குப் போனது என்றெல்லாம் பேச வேண்டுமா? அதுவும் கூட்டமாக. சின்னப் பெண்களும் வந்திருப்பார்கள். ஒற்றியூரில் பெண்ணைப் பற்றிப் பேச, சுந்தரர் மணந்த சங்கிலி நாச்சியார் இல்லையா? அவர் பக்தியைச் சொல்லுங்கள், போதும். அந்தரங்கம் என்பது அந்தரங்கமாகவே இருக்கட்டும்.

தேரடித்தெரு எழுதியது:

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. சன்னதியில் நின்று பேசவில்லை, வெளிப் பிராகாரத்தில்தான். கேட்டதும் நான் இல்லை, பூக்கார அக்கா. அவரிடம் போய் "இது கேட்கக் கூடாத கேள்வி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கேட்டது ஆர்வத்தில் இல்லை ஐயா. அந்த மூன்று நாள் அவர் கோயில் வாசலில் கடை போடுவதில்லை, மூன்று நாள் வருமானம் போகிறது. அதனால்தான் கேட்டார்.

கல்லெழுத்து எழுதியது:

பெரியவருக்கு ஒரு சேதி. திருவாரூர்க் கல்வெட்டில் முதலாம் இராசேந்திரனும் அவனுடைய அனுக்கி பரவை நங்கையும் சேர்ந்து நின்று சாமி பார்த்த இடத்தைக் குறித்து, அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்ததாக எழுதியிருக்கிறது. அனுக்கி என்றால் அந்தரங்கத்துக்கு உரியவள். மனைவி என்று கல் சொல்லவில்லை. இருவரும் நின்ற இடத்துக்கே விளக்கு! கோயில் சுவரிலேயே, ஊரறிய. அந்தக் காலத்துக் கோயில் நம்மைவிடக் கூச்சம் குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. செய்யாற்றுப் பக்கம் பிரமதேசம். இராசேந்திரன் இறந்தபோது அவன் தேவி வீரமாதேவி உடன் இறந்தாள். அவளுடைய உடன்பிறந்தவன் அவளது தாகம் தீர வேண்டும் என்று அங்கே தண்ணீர்ப் பந்தல் வைத்தான். கல்வெட்டின் ஆண்டு 1044. சித்திரை வெயிலில் நம் தெருமுனையில் பானை வைத்து மோர் ஊற்றுகிறார்களே, அந்தப் பந்தலைக் காட்டிவிட்டு இதைச் சொல்லுங்கள். அரசனோடு உடன் போன அக்காளுக்கோ தங்கைக்கோ தண்ணீர். நான் இதைப் படித்த அன்றைக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

வள்ளைப்பாட்டு எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். வண்ணாரப்பேட்டையிலிருந்து, தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்துகொண்டிருப்பவள். பூக்கார அக்காவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கல்லில் தேடியதால் கிடைக்கவில்லை, அகப்பொருள் இலக்கணத்தில் (காதலும் குடும்பமும் பற்றிய பாட்டுகளுக்கான இலக்கணம்) தேடியிருக்க வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் நாற்கவிராச நம்பி எழுதிய நம்பியகப்பொருளில், கணவன் பரத்தை வீட்டில் இருக்கும்போது மனைவி பூப்பெய்தினால் (இங்கே பூப்பு என்பது மாதாமாதம் வருவது) என்ன செய்வாள் என்று இருக்கிறது. வாய் திறந்து சொல்லி அனுப்ப மாட்டாள். தன் சேடிக்குச் சிவப்பு ஆடை, சிவப்பு மாலை, சிவப்புச் சாந்து அணிவித்து அந்தத் தெருவுக்கு அனுப்புவாள். பெயர் செவ்வணி. பார்த்தவுடன் அவனுக்குப் புரியும், வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். பூப்புக்குப் பிறகான பன்னிரண்டு நாளில் மனைவியை விட்டு விலகி இருப்பது அறமில்லை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது, பிள்ளைப்பேறுக்கு உரிய நாட்கள் என்பதால். திருக்கோவையாரிலும் இந்தச் செவ்வணித் துறை உண்டு.

அடுத்தது வெள்ளணி. பிள்ளை பெற்று நெய்யாடி (நெய் தேய்த்துக் குளித்து) முடித்ததும் சேடி வெள்ளை உடுத்திப் போவாள். குழந்தை பிறந்தாயிற்று, வா.

யோசித்துப் பாருங்கள். உடம்பில் நடப்பது மறைக்க வேண்டிய ஒன்றாக இருந்தால் சிவப்பு உடுத்தித் தெருவில் அனுப்புவார்களா? மற்றப் பெண்கள் அந்தச் சிவப்பைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் பாட்டே.

கல்லெழுத்து எழுதியது:

அருமை. ஆனால் ஒரு கட்டை போடுகிறேன். அது துறை. புலவர்கள் வைத்துக்கொண்ட நாடக வழக்கு. சேடி இருக்கிற வீட்டுக் கதை. நெல் குற்றிய ஐந்து பேருக்கு எங்கே சேடி? அவர்களுக்கு யார் சிவப்பு உடுத்திவிட்டது? இதை நேரே "அந்தக் காலத்துப் பெண்கள் இப்படித்தான் செய்தார்கள்" என்று சொல்லிவிடக் கூடாது.

வள்ளைப்பாட்டு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. "பெரிய வீட்டுப் பெண்கள் இப்படிச் செய்ததாகப் பாடினார்கள்" என்று சொன்னால் போதும். குற்றியவர்களுக்கும் பாட்டு இருந்தது, அதனால்தான் எனக்கு இந்தப் பெயர். உலக்கைப் பாட்டுக்கு வள்ளைப்பாட்டு என்று பெயர், சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. மாணிக்கவாசகர் பெண்கள் பொற்சுண்ணம் இடிக்கும் பாட்டு, அம்மானை ஆடும் பாட்டு, பூப்பறிக்கும் பாட்டு, ஊஞ்சல் பாட்டு என்று அவர்கள் வாயில் இருந்த மெட்டுகளை எடுத்துத்தான் சாமிக்குப் பாடினார். மெட்டு அவர்களுடையது. சொந்த வரிகள் போய்விட்டன, கைவேகம் மட்டும் பாட்டுக்குள் இருக்கிறது.

பூக்கார அக்காவுக்குப் பிடிக்கும் இன்னொன்று: உலா இலக்கியம். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள் மேல் பாடினார். அரசன் வீதியில் வருகிறான், பெண்கள் பார்த்து மயங்குகிறார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம். ஐந்து வயதில் தொடங்கி நாற்பதோடு முடிந்துவிடும்.

தேரடித்தெரு எழுதியது:

நாற்பதோடு முடிந்துவிடுமா! எனக்கு நாற்பத்தாறு. எங்கள் பதினாறு பேரில் பதினொரு பேர் உலாவிலேயே கிடையாதா? இதை அடுத்த ஞாயிறு முதல் வரியாகச் சொல்லப் போகிறேன், யாரும் தடுக்காதீர்கள்.

ராயபுரம்_ரீல்ஸ் எழுதியது:

அக்கா, நானும் ஒரு பாவமன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். போன மாதம் "சோழர் காலத்துப் பெண்ணின் ஒரு நாள்" என்று ஒரு வீடியோ போட்டேன். ஏ.ஐ.யில் படம் செய்தது. செம வியூஸ். அதில் அந்தப் பெண் முற்றத்தில் சிவப்பு மிளகாய் காய வைக்கிறாள். தக்காளி ரசம் கொதிக்கிறது. முழுக்கை ஜாக்கெட், உதட்டுச் சாயம் வேறு. கீழே ஒருவர் வந்து காய்ச்சிவிட்டார்: "மிளகாயும் தக்காளியும் போர்த்துக்கீசியர் வந்த பிறகு வந்தவை தம்பி, உன் சோழச்சி ஐந்நூறு வருடம் முன்னாடியே எந்தக் கடையில் வாங்கினாள்?"

அழித்துவிடலாம் என்று இருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அம்மா சொன்னது வேறு. "மிளகாயே இல்லாம எப்படிடா கொழம்பு வெச்சாங்க?" அதையே அடுத்த வீடியோவாகப் போட்டேன். மிளகு, சீரகம், கடுகு, புளி, மஞ்சள். காசிமேட்டில் வாங்கின மீனை அம்மா மிளகு மட்டும் போட்டு வைத்தாள். முதல் வீடியோ அளவுக்கு ஓடவில்லை. ஆனால் கமென்ட்டில் நூறு பேர் தங்கள் பாட்டி பிள்ளை பெற்றவளுக்குச் செய்த மிளகுக் குழம்பு, பூண்டுக் குழம்பு பற்றி எழுதினார்கள்.

உடுப்பு எப்படிக் காட்டுவது? செப்புச் சிலையில் இருப்பது போல மேலாடை இல்லாமல் காட்டினால் வீடியோவைத் தூக்கிவிடுவான்.

கல்லெழுத்து எழுதியது:

செப்புச் சிலை தேவி, அரசி. அவள் அணிந்ததையோ அணியாததையோ நெல் குற்றுகிறவள் மேல் ஏற்றாதே தம்பி. கையை மட்டும் காட்டு. உலக்கை பிடித்த கை, முறம் பிடித்த கை. அதற்கு யாரும் தடை போட மாட்டான்.

கணக்கு வேண்டுமானால் தருகிறேன். சோழர் கல்வெட்டுகளில் நெல்லை அரிசியாக்கும் விகிதம் "ஐஞ்சிரண்டு" என்று வரும். ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி. சாமிக்கு இரண்டு குறுணி (பழைய முகத்தல் அளவு) அரிசி படைக்க வேண்டுமென்றால் ஐந்து குறுணி நெல் குற்ற வேண்டும். பிரசாதம் என்று நாம் வாங்குவதற்குப் பின்னால் அந்தத் தோள்பட்டை இருக்கிறது.

தஞ்சாவூரில் முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்கள் (கோயிலில் ஆடுகிறவர்கள்) நானூறு பேரைக் குடியேற்றினான் அல்லவா, அவர்களுக்குத் தெரு, சிறகு (தெருவின் எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடு என்று விலாசமே கல்லில் உண்டு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆடுகிறவளுக்குக் கதவு எண் இருக்கிறது. குற்றுகிறவளுக்கு எண்ணிக்கை இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "சோழர் காலத்தில் பெண்கள் உயர்ந்த நிலையில் இருந்தார்கள்" என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

பூக்கட்டும்_கை எழுதியது:

காலடிப்பேட்டை. அம்மா பூ கட்டி எங்களைப் படிக்க வைத்தவர். நானும் கட்டுவேன், இப்போது பேங்க் வேலை.

பெரியவர் சங்கிலி நாச்சியாரின் பக்தியைச் சொல்லச் சொன்னார். சரி, சொல்வோம். பெரியபுராணத்தில் அவர் முதலில் யார்? ஞாயிறு என்ற ஊரில் பிறந்த பெண். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது வேண்டாம் என்றவர். ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் இருந்துகொண்டு கோயிலுக்குப் பூ கட்டியவர். திரைக்கு அந்தப் பக்கம் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவரைத்தான் சுந்தரர் பார்த்தார். அவர் செய்த தொழில் எங்கள் அம்மாவின் தொழில்.

மாலை கட்டினால் என்ன ஆகும் தெரியுமா? ஆள்காட்டி விரலில் நார் அறுத்து அறுத்து ஒரு கோடு விழும். ஈரப்பூவிலேயே கை இருப்பதால் தோல் ஊறி வெளுக்கும். மகிழம்பூவுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை, நடுவில் ஓட்டை இருப்பதால் நூலில் கோத்துக்கொண்டே போகலாம். காய்ந்தாலும் வாசனை போகாது, அம்மா புடவை மடிப்பில் வைத்திருப்பாள்.

அந்த மகிழடியில்தான் சத்தியம். "உன்னைப் பிரியேன்" என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டி வந்தது சங்கிலியின் தயக்கத்தால்தான். ஏன் தயங்கினார்? சுந்தரருக்குத் திருவாரூரில் பரவை (கல்லெழுத்து ஐயா சொன்ன பரவை நங்கை வேறு) இருப்பது சங்கிலிக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஆள், ஏற்கெனவே ஒரு மனைவி, நாளைக்குப் போய்விட்டால்? நம் தெருவில் எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்வி இது. சுந்தரர் சாமியிடம் தனியாகப் பேசி வைத்தார், நான் கருவறையில் சத்தியம் செய்யும்போது நீ மகிழ மரத்துக்குப் போய்விடு என்று. சாமி சங்கிலியின் கனவில் வந்து மகிழடியிலேயே செய்யச் சொல் என்று காட்டிக் கொடுத்துவிட்டார். கதை கேட்கும் எல்லாரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

பிறகு சுந்தரர் போய்விட்டார். எல்லை தாண்டியதும் கண் போனது. அங்கிருந்து புராணம் அவர் கூடவே நடக்கிறது, காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் ஒரு கண். பரவையின் கோபத்தைத் தீர்க்கச் சாமியே இரண்டு தடவை தூது போகிறார். ஒற்றியூரில் அவர் விட்டுவிட்டு வந்த சங்கிலி மறுநாள் காலை எழுந்து என்ன செய்தாள்? பூக்கூடையை எடுத்திருப்பாள், சாமிக்குக் காலையில் பூமாலை வேண்டுமே. ஒவ்வொரு மாசியிலும் மகிழடி சேவை பார்க்கும்போது எனக்கு அந்தக் காலைதான் நினைவு வரும். பெரியவர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எனக்கு இதுவும் பக்திதான்.

தேரடித்தெரு எழுதியது:

இதைப் படித்துவிட்டுப் பூக்கார அக்காவிடம் சொன்னேன். விரலை நீட்டிக் காட்டினார். கோடு இருந்தது.

முடிவு செய்துவிட்டேன். அடுத்த முறை நோட்டு இல்லை. மகிழ மரத்தடியில் அக்காவே பூ கட்டிக்கொண்டு சங்கிலி கதையைச் சொல்லட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். செவ்வணி, வெள்ளணி உண்டு, கல்லெழுத்து ஐயா சொன்ன எச்சரிக்கையோடு. அப்புறம் எங்கள் வீட்டு வாசலில் ஐந்து படி நெல் குற்றிப் பார்க்கப் போகிறோம், உமி புடைத்து இரண்டு படி அரிசி வருகிறதா என்று. மீஞ்சூரில் நெல்லுக்குச் சொல்லிவிட்டேன். உரல்தான் கிடைக்கவில்லை. இந்தத் தெரு முழுக்க மிக்ஸியும் கிரைண்டரும்தான்.

சன்னதித்தெரு_பெரியவர் எழுதியது:

இரண்டு நாளாக எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா பொன்னேரிப் பக்கம். பண்ணையார் வீட்டில் நெல் குத்தியவர். கூலி நொய்யும் தவிடும். நான் வயிற்றில் இருக்கும்போது எட்டாம் மாதம் வரை குத்தினாராம், பிள்ளை பெற்ற பதினாறாம் நாள் மறுபடி போனாராம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இந்த இழையை அவளுக்குப் படித்துக் காட்டியபோது, ஐந்து பெண்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி அவள் இதைச் சொன்னாள். ஐம்பது வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மாவின் உரல் எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. மேலே துளசிச் செடி வைத்திருக்கிறோம். உலக்கை பூண் போட்டது, பரணில் கிடக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

தேரடித்தெரு எழுதியது:

ஐயா, அம்மாவையும் கூட்டி வாருங்கள். உங்கள் வீட்டு அம்மாவைச் சொல்கிறேன்.

ராயபுரம்_ரீல்ஸ் எழுதியது:

உரலை இறக்க நான் வருகிறேன் ஐயா, கூட இரண்டு பசங்களும் வருவார்கள். அதை வீடியோ எடுத்துக்கொள்ளலாமா?

சன்னதித்தெரு_பெரியவர் எழுதியது:

முதலில் இறக்கு. துளசித் தொட்டி பத்திரம்.